பூட்டுக்கு இரண்டு மதிப்பெண்

எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் தனசிங் முதலில் விசாரிப்பது முதலாளியை அல்ல, கழிப்பறையை. "பாத்ரூம் எந்தப் பக்கம் தம்பி?" என்று வாட்ச்மேனிடம் கேட்கும்போதே ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவார். ஐம்பத்தொன்பது வயது, பதினாறு வருடச் சர்க்கரை. தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் எந்தப் பெட்ரோல் பங்கில் தண்ணீர் வரும், எந்த ஓட்டலில் சாப்பிடாமலே உள்ளே போய்விட்டு வரலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "மத்தவங்க சிக்னல எண்ணிக்கிட்டு வண்டி ஓட்டுவாங்க சார். நான் இத எண்ணிக்கிட்டு ஓட்டுறேன்," என்பார்.

விசாரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

தனசிங்கின் தொழில் டெண்டர் எழுதுவது. மேற்குத் தாம்பரத்தில் பாட்சா பாயின் பிரியாணிக் கடைக்கு மேலே, ஏணியைவிடக் கொஞ்சம் அகலமான படிக்கட்டில் ஏறினால் அவருடைய அறை. ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெஞ்சு வேண்டும், பீரோ வேண்டும், குப்பைத் தொட்டி வேண்டும் என்று அரசுத் துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத சின்னக் கம்பெனிக்காரர்கள் இங்கேதான் வருவார்கள். திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு இரும்பை வளைக்கத் தெரியும், வாக்கியத்தை வளைக்கத் தெரியாது. அந்த வேலையைத் தனசிங் செய்து கொடுப்பார்.

ஒரு காலத்தில் விலை குறைவாகப் போட்டவருக்கு வேலை, அத்தோடு கதை முடிந்தது. இப்போது அவர் எழுதிப் போடும் துறைகளில் ஒன்று விதியை மாற்றிவிட்டது. நூறு மதிப்பெண்ணில் இருபது, பொருளுக்கும் கிடையாது, விலைக்கும் கிடையாது. அதைச் செய்கிறவர்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு. பெண்கள் எத்தனை பேர், மாற்றுத் திறனாளிகள் எத்தனை பேர், பி.எஃப். உண்டா, உட்கார நாற்காலி உண்டா, பெண்களுக்குப் பாதுகாப்பான தனிக் கழிப்பறை உண்டா, அவர்கள் புகார் சொல்ல ஒரு குழு உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். இருபதில் பதினைந்தேனும் வாங்காவிட்டால் விலைக் கவரையே பிரிக்க மாட்டார்கள். நல்ல விதிதான். தனசிங்கே ஒப்புக்கொள்வார். "யாரோ மனசாட்சி உள்ளவன் உக்காந்து எழுதியிருக்கான் சார். அத நான் உக்காந்து கெடுத்துக்கிட்டு இருக்கேன்."

எப்படிக் கெடுக்கிறார் என்றால், அவரிடம் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை இருக்கிறது. 'எங்கள் நிறுவனம் உழைப்பாளரின் கண்ணியத்தை உயிரெனப் போற்றுகிறது' என்று தொடங்கும். அவரிடம் வருகிற நாற்பத்தொரு கம்பெனிகளும் அதே சொற்களில்தான் போற்றுகின்றன. கம்பெனியின் பெயரை மட்டும் மாற்றுவார். சில சமயம் மற்றதை மாற்ற மறப்பார். கழிவுநீர் லாரி விடும் ஒரு நிறுவனத்தின் விண்ணப்பத்தில் ஒருமுறை 'குழந்தைகள் காப்பக வசதி உண்டு' என்று போய்விட்டது. அங்கே இருந்தது மூன்று லாரி, ஆறு ஆண்கள். முழு மதிப்பெண் வந்தது. "நான் எழுதுனத நானே படிச்சா, இந்தக் கம்பெனில நம்மளும் சேந்துரலாமான்னு இருக்கும். நேர்ல போய்ப் பாத்தா நம்ம ரூமே தேவலன்னு ஓடி வந்துருவேன்."

அவருடைய ரூமில் கழிப்பறை கிடையாது. கீழே பாட்சா பாயிடம் சாவி கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை பிரியாணிக் கடைக் கல்லாவுக்கு எதிரே போய் நிற்பார். பாய் தங்கமான மனிதர், வாய் திறப்பதற்கு முன்பே சாவியை நீட்டிவிடுவார். ஆனாலும் படி இறங்கும்போதே தனசிங்கின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டு வாங்குகிறவனின் சிரிப்பு. கண்ணியத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு கழிப்பறைச் சாவி இல்லை என்பதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். வேறு யாராவது சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவது நல்லது என்பது அவர் கட்சி.

புகார்க் குழுவில் கம்பெனிக்கு வெளியே இருந்து ஒரு பெண் உறுப்பினர் வேண்டும் என்கிறது விதி. வெளியாளுக்கு எங்கே போவது? தனசிங் ரொம்ப தூரம் போகவில்லை. அவருடைய மனைவி ரத்தினபாய் குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைய தேதியில் பத்தொன்பது கம்பெனிகளில் அவர்தான் வெளி உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, குருமா கொதிக்கிற நேரத்தில், கணவர் நீட்டுகிற தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். எல்லாத் தாளிலும் பதினான்காவது கட்டத்தில் 'இந்த ஆண்டு வந்த புகார்கள்: இல்லை' என்றிருக்கும். "பிள்ளைங்க ஒரு ஸ்டெப் விட்டாலும் அர மார்க் கொறைக்கிறவ சார் அவ. எம் பேப்பர மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடுவா. அவ்வளவு நம்பிக்கை, பாவம்."

வெளி உறுப்பினரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கம்பெனியின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் படம் எடுத்து இணைத்தால் ஒரு மதிப்பெண் உண்டு. தனசிங் தன் கையாலேயே அழகாக எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகு அழிக்கத் தோன்றவில்லை. பலகையை யாராவது படிப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரத்தினபாயின் போன் அடித்தது. கையெல்லாம் மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் தனசிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்க கம்பெனி போர்டுல உங்க நம்பரு போட்டுகீது. லேடீஸ் கம்ப்ளைன்ட் இருந்தா சொல்லலாம்னு போட்டுகீது. மெய்யாலுமே சொல்லலாமா?"

"சொல்லும்மா."

திருமுடிவாக்கத்தில் பள்ளிக்கூட பெஞ்சு செய்யும் மெர்வினின் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறவள் அவள். பெயர் ஷாயிஸ்தா. "லேடீஸ் பாத்ரூமுக்குப் பூட்டுப் போட்டு வச்சிகீறாங்க மேடம். சாவி சூப்பர்வைசர் இடுப்புல கீது. போய்க் கேட்டா, சிரிச்சிகினே கேளு, அப்பதான் தருவேன்றான். சிரிக்கலன்னா நிக்க வெக்கிறான். நாங்க யாரும் தண்ணியே குடிக்கிறதில்ல. எம் பேரு மட்டும் வெளிய வந்துறக் கூடாது மேடம். வேல போய்ட்டா வூட்ல பேஜாராயிடும்."

ரத்தினபாய் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "பாத்ரூமுக்கு வெளியில எதுக்குங்க பூட்டு?"

தனசிங்குக்குத் தெரியும். சோற்றை அளைந்துகொண்டே சொன்னார். போன வருட விண்ணப்பத்தில் 'பாதுகாப்பான' என்று ஒரு சொல் இருந்தது. வெறும் கதவைப் படம் எடுத்தால் பாதுகாப்பு தெரியவில்லை. "ஒரு பூட்டுப் போடுங்க தம்பி, ரெண்டு மார்க் வரும்" என்று மெர்வினுக்கு யோசனை சொன்னவர் அவர்தான். முடிச்சூர் சாலையில் ஹார்டுவேர் கடையில் பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்கி, தொங்கவிட்டு, மூன்று கோணத்தில் படம் எடுத்ததும் அவர்தான். சாவி யாரிடம் இருப்பது என்று கேட்டபோது, "யாராவது பொறுப்பானவர்கிட்ட இருக்கட்டும்" என்று சொன்னதும் அவரேதான்.

"நான் எத்தன கம்பெனில இருக்கேன்?"

"பத்தொம்பது."

"ஒண்ணுலயாவது காலெடுத்து வச்சிருக்கேனா?"

"நீ ரிட்டையர்ட் ஆனவ. ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு..." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தினபாய்க்கு வரவில்லை.

"நாளைக்கு வண்டிய எடுங்க. திருமுடிவாக்கம் போறோம்."

தனசிங் மனதுக்குள் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் மெர்வினின் பெரிய விண்ணப்பம் போக வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு நாலாயிரம் பெஞ்சு. பதினான்காவது கட்டத்தில் 'இல்லை' என்ற சொல் இல்லாவிட்டால் அவர் பதினைந்தைத் தொட மாட்டார். மெர்வினோடு அவர் சித்தப்பா, மச்சான் என்று ஏழு கம்பெனிகள் போய்விடும். கட்டின மனைவியையே புகார் எழுத அழைத்து வருகிற ஆளிடம் மற்றவர்கள் எதற்கு வருவார்கள்? இந்த வயதில் வேறு எந்தத் தொழில் தெரியும்? இரவு முழுக்க ஏழெட்டு முறை எழுந்து போனார். அது சர்க்கரையால் மட்டுமல்ல.

மறுநாள் முடிச்சூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் ஸ்கூட்டரில் போனார்கள். மெர்வின் வாசலுக்கே வந்தார். "ஆன்ட்டி, சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே."

"இங்க வேல செய்ற பதினோரு பொண்ணுங்களையும் ஒவ்வொருத்தரா பாக்கணும் தம்பி. ஒரு ரூம் குடுங்க," என்றார் ரத்தினபாய். மெர்வின் தனசிங்கைப் பார்த்தார். தனசிங் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரு மணி நேரமாயிற்று. புது பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்திருந்த தனசிங்குக்கு அவசரம் வந்தது. ஆண்கள் பக்கம் தண்ணீர் இல்லை, அந்தப் பக்கத்து மோட்டார் காலையிலிருந்து ரிப்பேர். லாரியில் சரக்கேற்றிவிட்டு அப்போதுதான் வந்த சூப்பர்வைசருக்கு விசாரணை விஷயம் எதுவும் தெரியாது. "லேடீஸ் பாத்ரூம்ல தண்ணி கீது, போய்ட்டு வா சார்," என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்தவர், கொடுக்காமல் நிறுத்திக் கண்ணடித்தார். "சிரிச்சிகினே கேளு சார், தரேன். இங்க அதான் ரூல்ஸு."

தனசிங் சிரித்துவிட்டார்.

யோசிக்கவே இல்லை. பாட்சா பாயின் கல்லாவுக்கு எதிரே வருகிற அதே சிரிப்பு, தானாக வந்துவிட்டது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பிறகும் அது முகத்தை விட்டு இறங்கவில்லை. பதினோரு பெண்கள், ஆளுக்கு மூன்று முறை என்றாலும் ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று சிரிப்பு. பாய் கேட்காமலே கொடுக்கிறவர். இவன் கேட்க வைத்துக் கொடுக்கிறவன். தனசிங்குக்கு அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். சாவியைச் சூப்பர்வைசரிடம் திருப்பிக் கொடுத்தார். பூட்டைக் கொடுக்கவில்லை.

ரத்தினபாய் ஆறு பக்கக் குறிப்போடு மெர்வினின் அறைக்கு வந்தபோது அவர் குரலில் வகுப்பறைக் கண்டிப்பு இருந்தது. பதினோரு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"பதினாலாவது கட்டத்துல எழுதுங்க," என்றார் கணவரிடம்.

"புகார் ஒண்ணுன்னு போட்டுரவா?"

"ஒண்ணுன்னு போட்டா அது யாருன்னு தேடுவாங்க. பதினொண்ணுன்னு போடுங்க."

மெர்வின் எழுந்துவிட்டார். "அங்கிள், அந்த ஆள இன்னிக்கே அனுப்பிடறேன். நெசமாவே எனக்குத் தெரியாது. ஆனா பேப்பர்ல வேணுமா? மார்க் போயிரும்."

"போயிரும் தம்பி. எனக்கும்தான் போயிரும்," என்றார் தனசிங். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்து 'இல்லை' என்பதை அழித்தார். விதி வந்த நாளிலிருந்து அந்த இடத்திலேயே குடியிருந்த சொல், ஒரே தட்டில் போய்விட்டது. 'பதினொன்று' என்று அடித்தார். எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் 'வெளிப்பூட்டு அகற்றப்பட்டது. அதைப் போடச் சொன்னவர் இவ்விண்ணப்பத்தைத் தயாரித்தவர்' என்று எழுதினார். நடந்து முடிந்துவிட்ட ஒரு காரியத்தை அவர் எழுதுவது அநேகமாக அதுதான் முதல் தடவை.

மெர்வின் அறையிலிருந்த பிரிண்டர் தாளைத் துப்பியது. தனசிங் அதை மெர்வினின் மேசை மேல் வைத்தார். மெர்வின் பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போடவில்லை. அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெயின்ட் படிந்த கையோடு ஒரு பெண் சூப்பர்வைசரைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். அவர் தன் இடுப்பில் சாவியைத் தடவினார். அவள் நிற்கவில்லை. அது ஷாயிஸ்தாவா, மற்ற பத்துப் பேரில் ஒருத்தியா என்று தனசிங்குக்குத் தெரியாது.

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்து ஓரமாக நகர்ந்தது. தனசிங் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பித்தளைப் பூட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். பூட்டு பதினான்காவது கட்டத்தை மறைத்தது. இரண்டு விரலால் அதை மெல்லத் தள்ளி, எழுத்து தெரிகிற மாதிரி வைத்தார்.