பழைய எக்செல்லில் தெரியாத சிவப்பு வட்டம்

எண்ணூரில் ஒரு வார்ப்பட ஆலையின் முதலுதவி அறையில் அன்புக்கரசிக்கு வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத் தொழிலாளர்களை மருத்துவர் குழாயில் ஊத வைத்து நுரையீரலைச் சோதிப்பார். வரும் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள். 2008இல் அவளுக்குப் புது எக்செல் வந்தது. எண் அறுபதுக்குக் கீழே போனால் பக்கத்தில் சிவப்பு வட்டம் தானாக விழும்படி அமைத்தாள். வட்டம் விழுந்தவர்களை மணல் சலிக்கும் ஷெட்டுக்கு அனுப்பக்கூடாது. பட்டியலை ஷிப்டு பிரிக்கும் கிருஷ்ணப்பனுக்கு மெயிலில் அனுப்பிவிடுவாள்.

வியாசர்பாடியில் அவள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருந்த துரைக்கு அந்த முறை நாற்பத்தெட்டு வந்தது. இனி மணல் ஷெட் கிடையாது என்று அவளே அவரிடம் சொல்லியிருந்தாள். மூன்று வாரமாகியும் அவர் மணலில்தான் நின்றார். ஒரு நாள் காலை படிக்கட்டில் அவளை மறித்தார்.

"என் பேருக்கு நேரா சிவப்பே இல்லன்றான் கிருஷ்ணப்பன். என்னாண்ட ஒண்ணு சொல்லிட்டு அங்க ஒண்ணு அனுப்பிகினு கீறியா?"

வட்டத்தோடுதான் அனுப்பினேன் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் மனைவி வரலட்சுமி அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்புக்கரசிக்குச் சந்தேகம் கிருஷ்ணப்பன் மேல். மணல் ஷெட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை; வட்டங்களை அவர்தான் அழித்திருப்பார். தன் கம்ப்யூட்டரில் எண்ணிப் பார்த்தாள், பதினோரு வட்டம். கிருஷ்ணப்பனுக்கு அனுப்பிய ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் அவர் அறைக்குப் போய், அவர் கம்ப்யூட்டரில் அவர் கை படாமல் தானே திறந்தாள்.

எண்கள் எல்லாம் இருந்தன. ஒரு வட்டம்கூட இல்லை.

"நான் தொட்டனா? நீயேதானம்மா தொறந்த" என்றார் கிருஷ்ணப்பன்.

அங்கே இருந்தது பழைய எக்செல். புது ஃபைல் அதில் திறக்காது என்பதால் அவள் எப்போதும் பழைய வகையில் சேமித்து அனுப்புவாள். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். படிக்காமலே 'தொடர்க' என்று அழுத்திவிடுவாள். திரும்பி வந்து மறுபடி சேமித்து, இந்த முறை படித்தாள். சில குறிகள் பழைய எக்செல்லில் தெரியாது என்று அது ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பதினோரு பெயருக்கும் நேரே 'மணல் ஷெட் கூடாது' என்று எழுத்தில் அடித்து, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி நேரில் கொடுத்தாள். ஒரு வட்டமும் இல்லாத பட்டியலைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டாள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்ததாகக் கிருஷ்ணப்பன் சொன்னார். அதை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் துரையைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், தப்பு தன்னுடையது என்று மறைக்காமல் சொன்னாள். அவர் இருமி முடித்துவிட்டு, மற்ற பத்துப் பேருக்கும் இதைச் சொன்னாயா என்று கேட்டார். நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். மீதிப் பேரை நாளைக்குப் பார்ப்பதாகச் சொன்னாள்.

"சரி. இனிமே என் நம்பர சீட்டுல எழுதி என் கைல குடுத்துடு. கம்ப்யூட்டர நான் நம்பல" என்றார். உன்னையும் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த சோதனையின்போது சீட்டு கேட்டு வரிசையில் நின்றவர்கள் நூற்று நாற்பது பேர்.