கரண்டு வைத்த இடம்

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூரில் இருந்த என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. மதராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதற்குக் ‘கரண்டு வைக்கிறது’ என்றுதான் பேர். தோளிலிருந்து விலா வரை தோல் கறுத்து, சுட்ட கத்தரிக்காய் மாதிரி உரிந்தது. பிறகு மெல்லியதாக ஒரு தோல் மூடியது.

அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது, அம்மாவை உட்கார வைத்து டாக்டர் சொன்னார்.

“தோலுக்கு அடியில உயிரணுவெல்லாம் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு பெருகிட்டே இருக்கும்மா. அப்படிப் பெருகித்தான் காயம் மூடுது. கட்டியும் அப்படிப் பெருகித்தான் வளருது. கரண்டு அந்தப் பெருகுறதை நிறுத்திடும். எது கட்டி, எது தோலுன்னு அதுக்குத் தெரியாது. இந்த இடத்துல சின்னக் கீறல்கூடப் படக் கூடாது.”

அம்மா தலையாட்டினாள். ஆனால் அக்கா பிழைத்தால் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்ய வைக்கிறேன் என்று அவள் ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொள்வது தாய், கல்லில் உருள்வது மகள். எங்கள் ஊர்த் தாய்மார்களின் நியாயம் இது.

“அந்த எடத்துல தோலே சரியில்ல, எப்படிம்மா உருளுவா?” என்று சண்டை போட்டேன்.

“சாமி காரியத்துல காயம் படாதுடி. வேண்டிக்கினு செய்யாம வுட்டாத்தான் ஜாஸ்தியாயிடும்.”

அக்கா சிரித்தாள். “அம்மா வாயைக் குடுத்துட்டாங்க. நான் உடம்பைக் குடுத்துட்டு வந்துடறேன், வுடு.”

ஈரப் புடவையோடு பிராகாரத்தில் உருண்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டே நான் கூடவே நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்கை, இடுப்பு, தோள் எல்லாம் சிராய்ப்பு. முழங்கையிலும் இடுப்பிலும் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. கரண்டு வைத்த இடத்தில் பட்டது மட்டும் மூடவில்லை. ஒரே கல்தான், ஒரே உடம்புதான்.

அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். அக்கா துண்டைக் கடித்துக்கொண்டு “எரியுதும்மா, எரியுதும்மா” என்று துடித்தாள். மறுபடி மதராஸுக்குப் போனோம். அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களும் சுருங்கிப்போய்விட்டன, புதுத் தோல் பிறக்க அங்கே தெம்பில்லை என்றார் டாக்டர். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். அதுவும் பிடிக்கவில்லை. புண் கையகலம் ஆனது.

கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அக்கா கேட்பாள்: “இன்னிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கா?”

“கம்மியாத்தான்கா இருக்கு.”

கட்டி திரும்ப வரவேயில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? தெருவில் இறங்கினால், எங்கள் ஊரில் சாமியாகவே கும்பிடும் மலை எதிரே நிற்கும். ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். அம்மாவோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டேன்.

புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, ஒரு தை மாதம் அக்கா போய்விட்டாள்.

சுமங்கலியாகப் போனவள் என்று மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். அம்மாதான் பூசினாள். முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பூசப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“அங்க வேணாம். எரியும் அவளுக்கு.”