தலைகீழாகப் படுத்த நிலம்

நில அளவைத் துறையில் ஓய்வுபெற்றவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. வரப்புத் தகராறுக்குக் கூப்பிடுவார்கள். என்னைத் திண்டிவனத்தில் ஒரு தனியார் நிறுவனம் கூப்பிட்டது. வயலுக்கு ஒரு தாளாக இருக்கும் பழைய புலப்படங்களை ஸ்கேன் செய்து, பக்கத்துப் பக்கத்து வயல்களைக் கணினியில் பொருத்தி, ஊருக்கு ஒரே படமாக்கும் வேலை. என் பதவி ஆலோசகர். கேட்டால் சொல்ல வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய், கேட்கப்படாமல் திரும்பி வந்தேன்.

திரையில் ஒவ்வொரு வயலும் வெள்ளையில் ஒரு கறுப்புக்கோட்டு உருவம். அதை நகர்த்தி, திருப்பி, அடுத்ததன் ஓரத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கு முன் சுத்தம் என்றொரு சடங்கு உண்டு. கோட்டைத் தொடாத எதுவும் தூசி என்று மென்பொருள் துடைத்துவிடும். காப்பித் துளி போகும். கூடவே அளவைக்கல் குறிகள், எண்கள், வடக்கைக் காட்டும் அம்பு எல்லாம் போகும். நான் ஆட்சேபித்தேன்.

"அழுக்கா இருந்தா ஃபைல் ரிஜெக்ட் ஆயிடும் சார்" என்றார் மேற்பார்வையாளர். இவ்வளவு தூய்மையை நான் அரசாங்கத்தில் பார்த்ததில்லை.

ஒரு நாள் பனமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஊரில் ஒட்டியிருந்த வரைவுப் படத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"மாமனாரு பாகம் பிரிச்சப்போ வடக்கால பாதி எங்க வூட்டுக்காரரோட அண்ணனுக்கு, தெக்கால பாதி எங்களுக்கு. கெணறு எங்க பக்கம். இதுல அவரு பக்கம் கீது. கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு மோட்டார் ஃப்யூஸப் புடுங்கிக்கினு போயிட்டாரு. மல்லாட்டைச் செடி பூ வச்சிருக்குதுங்க. தண்ணி இல்லன்னா காஞ்சிபூடும்."

"மேல்முறையீடு பண்ணுங்கம்மா" என்றார் மேற்பார்வையாளர்.

"வரைவுக்கு ஏதய்யா மேல்முறையீடு?" என்றேன். "கையெழுத்தாகாத படம். ஆட்சேபம் வந்தால் திருத்த வேண்டியதுதான். வந்துவிட்டது, எதிரில் நிற்கிறது."

பொருத்தும் பெண் அந்த வயலைத் திரையில் எடுத்தாள். ஏறக்குறையச் சதுரம், நடுவே ஒரு கோடு. கிணற்று வட்டம் வெளிக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததால் சுத்தத்தில் தப்பியிருந்தது. கிழக்குக் கோடு ஓரிடத்தில் புடைத்திருந்தது.

"உங்கள் வயலில் எங்கேயாவது வரப்பு புடைத்திருக்கிறதா?"

"மேக்கால. அங்க ஒரு பாறை கீது, அத்த சுத்திக்கினு போவும்."

"மேற்கே எதையாவது அடைத்தாயா?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"பக்கத்து வயலுக்கும் இதுக்கும் நடுவுல சின்ன சந்து சார். கறுப்பு அடிச்சு மூடிட்டேன்."

"தாளை எப்படி ஸ்கேனரில் விட்டாய்?"

"மேல் ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. அது முன்னாடி போனா மெஷின் கவ்விக்கும். அதனால கீழ் ஓரத்த முன்னாடி விட்டேன்."

தாள் தலைகீழாகப் போயிருக்கிறது. சொல்ல எண்ணும் இல்லை, அம்பும் இல்லை. சதுரத்தை எப்படிப் போட்டாலும் சதுரம். உரிமையாளர் பட்டியலைப் பார்த்து, மேலே இருப்பது அண்ணன், கீழே இருப்பது தம்பி என்று பெயரும் போட்டாகிவிட்டது.

கறுப்பை அழித்து, உருவத்தைப் பாதிச் சுற்றுத் திருப்பச் சொன்னேன். புடைப்பு மேற்கே போய்ப் பக்கத்து வயலின் பள்ளத்தில் உட்கார்ந்தது. கிணறு தெற்கே வந்தது. மேற்பார்வையாளர், "சாஃப்ட்வேர் சூப்பரா பொருத்துது" என்றார்.

அந்த அம்மாள் அங்கேயே கணவரின் அண்ணனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, படத்தத் தலைகீழா வச்சிட்டாங்களாம். கெணறு எங்க பக்கம்தான்."

"யாரு சொன்னது? ஆபீசருங்களா?"

"ஒரு பெரியவரு கீறாரு..."

"பெரியவருங்க ஆயிரம் சொல்லுவாங்க."

அம்மாள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனார். "இல்ல மாமா, கம்ப்யூட்டருதான் சொல்லுது. அது பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஃப்யூஸு மாட்டுக் கொட்டாய்ல சொருவி வச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்றது போன்.

நன்றி சொல்ல அவர் நிற்கவில்லை. "நாலு மணிக்கு மோட்டார் கரண்டு போயிடுங்க, வர்றேன்" என்று பஸ்ஸுக்கு ஓடினார்.