பதினொரு பேரில் பத்துப் பேர்

செய்தி வந்தபோது நான் கேன்டீனில் உட்கார்ந்து ஸ்டோர்ஸ் மேலாளரின் தலைச்சாயத்தைப் பற்றிப் புறம் பேசிக்கொண்டிருந்தேன். அஞ்சலியை இப்படித் தொடங்குவது அழகல்ல என்று தெரியும். ஆனால் ஜெபமணி அக்காவைப் பற்றி எழுதும்போது பொய் சொன்னால், கல்லறையிலிருந்தே "இந்த பீசு தேறாது சார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி. விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மேசையில் இருந்த ஏழு பேரும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

அக்கா வல்லத்துக்காரர். கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்யும் நம் ஆலையில் இருபது வருடம் தரச் சோதனை பார்த்தவர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எம்.பி.ஏ. முடித்து மனிதவளப் பிரிவில் நாற்காலி பிடித்த நான் அவரிடம் கணக்கில் தோற்ற கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

முதல் தோல்வி கம்பெனி பஸ்ஸில். ஐம்பது பேர் போகிற வண்டியில் யாரோ இரண்டு பேருக்காவது ஒரே தேதியில் பிறந்தநாள் இருக்கும் என்றார். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறதே என்று சிரித்தேன். பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி கிடைத்தது. "நீ உன் பொறந்த நாளுக்கு ஜோடி தேடறே சார். நான் யாருக்கு யாரு வேணா ஜோடின்றேன். உன்ன நடுவுல வச்சே எல்லாத்தையும் பாக்காதே" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளே எரிந்தது.

இரண்டாவது தோல்விதான் என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகப் பெருமையானது.

ஒரு தீபாவளி விடுமுறைக்கு மறுநாள், காலை ஷிஃப்டு. குடித்துவிட்டு வருகிறவர்களைப் பிடிக்க வாசலில் புதிதாக ஓர் ஊதும் மிஷின் வைத்திருந்தோம். "நல்லா இருக்கிறவனைக் குடிகாரன்னு காட்டுறது நூத்துக்கு ஒருத்தரத்தான்" என்று விற்றவர் சத்தியம் செய்திருந்தார். ஆயிரம் பேர் ஊதினார்கள். பதினொரு பேருக்கு மிஷின் கத்தியது. அதில் வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போட்டு வெங்காயம்கூடத் தொடாத ஒருவரும் இருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த இசக்கியம்மாளும் இருந்தாள். வயது இருபத்தொன்று.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியான மிஷின். பதினொரு பேருக்கும் லெட்டர் அடிச்சிடுங்க" என்றார் ஆலை மேலாளர். அடித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல், ரசித்து அடித்தேன். வேலை நீக்கம், ஹாஸ்டலுக்கு ஒரு நகல். நகல் போனால் வார்டன் ஊருக்குப் போன் போடுவார்.

இசக்கி என் மேசை முன்னால் நின்றாள். "சார், வேலைய வேணா எடுத்துக்கிடுங்க. எங்கய்யாட்ட மட்டும் சொல்லிராதீங்க. நான் குடிக்கலன்னு சொன்னா யாரு நம்புவா? மிஷினே சொல்லிட்டுல்லாம்பாவ."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்றால் தொண்ணூற்றொன்பது சதவீதம்தானே என்று பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார்.

"ஷிஃப்டுல எத்தினி பேரு சார்?"

"ஆயிரம்."

"ஆயிரம் பேரும் பச்சத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஊதுனா, உன் மிஷினு எத்தினி பேருக்குக் கத்தும்?"

நூற்றுக்கு ஒன்று. "பத்து."

"இன்னிக்கி எத்தினி பேருக்குக் கத்திச்சி?"

"பதினொண்ணு."

"ஒண்ணு முன்ன பின்ன இருக்கும், வுடு. அப்ப இந்த பதினொண்ணுல நெசமா குடிச்சவன் எத்தினி பேரு?"

பதினொன்றில் பத்தைக் கழித்தேன். "ஒண்ணு."

"மீதிப் பேருக்கும் சேத்து லெட்டர் அடிச்சி வச்சிகினு கீறியே சார், இன்னா படிப்பு படிச்சே?"

எங்கே தவறினேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். நல்லவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மிஷின் கத்தும் என்பதை, மிஷின் யாருக்கெல்லாம் கத்தியதோ அவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் நல்லவர் என்று திருப்பிப் படித்துவிட்டேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழுகின்றன. என் கண்ணில் பட்டவை பதினொரு முகங்கள் மட்டும். அமைதியாக உள்ளே போன மற்ற அத்தனை பேரையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதை அக்கா மேலாளரிடம் ஒரே மூச்சில் சொன்னார்: "மிஷினு தப்பறது அபூர்வந்தான் சார். எங்க ஜனம் காலைல ஆறு மணிக்கு குடிச்சிட்டு வர்றது அத்தவிட அபூர்வம்."

மேலாளர் இறங்கி வரவில்லை. அக்கா குரலை உயர்த்தவும் இல்லை. "நம்ம லைன்ல ரிஜெக்ட் ஆன வயருகூட ரெண்டாவது வாட்டி செக் பண்ணாம குப்பைக்குப் போவாது. பொண்ணு மட்டும் போலாமா?"

பதினொரு பேரும் வாய் கொப்பளித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினார்கள். பத்துப் பேருக்கு மிஷின் வாயே திறக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் கத்தியது. அவர் பெயரை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வாய்க்கு இது எவ்வளவு பெரிய விரதம் என்று உங்களுக்குத் தெரியும்.

இசக்கி அழுதுகொண்டே, "என்னைய நம்புனீங்களேக்கா" என்றாள்.

"உன்ன எனக்கு இன்னா தெரியும்? கணக்கத்தான் நம்புனேன். போ, லைன் நிக்கிது."

அன்பாக நாலு வார்த்தை சொன்னால் என்ன என்று அன்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், தனக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற நியாயத்தை அவர் நியாயமாகவே எண்ணியதில்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட அவருக்கு நேரில் பழக்கமில்லை.

வல்லத்தில் அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. மூன்று ஷிஃப்டு ஆட்களும் வந்திருந்தார்கள். இசக்கி இப்போது லைன் லீடர். ஊரிலிருந்து தன் அப்பாவையும் வரவழைத்திருந்தாள். அவர் ரோஜா மாலையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "அந்தம்மா எம்மவளுக்கு என்ன செஞ்சாவன்னு கேட்டா, இவ சொல்ல மாட்டேங்கா. நீங்களாவது சொல்லுங்க சார்."

நான் ஏதோ பூசி மெழுகப் பார்த்தேன். இசக்கியே சொல்லிவிட்டாள். "நான் குடிச்சிருக்கேன்னு ஒரு மிஷின் சொல்லிச்சுய்யா. அக்காதான் இல்லன்னு காட்டுனாவ." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடம் அவள் பயந்த நிமிடம் அதுதான்.

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? குடிச்சியா? கோட்டிக்கார மிஷினால்லா இருக்கு." பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "அதையும் ஒருத்தன் நம்புனானா?"

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் சோதித்து அனுப்பிய பீஸ் பழுதென்று திரும்பி வந்தால், யார் கேட்பதற்கும் முன்னால் லைன் நடுவில் நின்று கையைத் தூக்குவார்: "இத்த வுட்டது நான்தான்." கணக்கு எனக்குப் பாதிதான் ஏறியது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கையைத்தான்.

தூக்கினேன். "நான்தாங்க" என்றேன்.