திங்கட்கிழமைச் சால்னா

கடைக்காரர்கள் என்றைக்காவது என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். எனக்குப் பதில் இன்னொருவர் அடிபடுவார் என்று தோன்றவே இல்லை.

பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிளை அச்சடிப்பது என் தொழில். மெஷின் நாளெல்லாம் தலைக்குள் குத்தும். மத்தியானம் ஆனால் கால் நிற்காது. வண்டியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கடைக்குப் போய்விடுவேன். வலைப்பூவுக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். சொல்லாமல் போக வேண்டும். காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். மூன்று முறை போகாமல் எழுதக் கூடாது. எழுதுகிற விஷயம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். கீழே என் பெயரும் செல் நம்பரும் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் விட, ஆதாரம் சொல்லும் அந்த நாலாவது வழக்கத்தில்தான் எனக்குக் கொழுப்பு அதிகம்.

நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில், பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு பரோட்டா கடை. அங்கே மாவு பிசையப்படுவதில்லை, கொல்லப்படும். மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். மாவைத் தலைக்கு மேல் சுழற்றிக் கல்மேடையில் அறைவார். அறை விழ விழ மாவு கிழிபடாமல் துணி மாதிரி மெலியும். வெந்த பரோட்டாக்களை அடுக்கி, சுடச்சுட இரண்டு கையாலும் பக்கவாட்டில் நொறுக்குவார். எல்லாம் அந்த வலது மணிக்கட்டின் வேலை. அந்த நொறுக்கலைப் பார்ப்பதற்கே இரண்டு தடவை போனேன்.

மூன்றாவது தடவை போனது ஒரு திங்கட்கிழமை. எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. ஞாயிறு கூட்டத்துக்கென்று கடைக்காரர்கள் அண்டா அண்டாவாகப் போடுவார்கள். மிஞ்சினது திங்கட்கிழமை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. திங்கட்கிழமை ஷிப்டுக்கு வந்து பசியோடு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்திக்காரப் பையன்கள். கேட்க அவர்களுக்குப் பாஷையும் இல்லை.

நான் சால்னாவை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். ஈரத் துணியை மூட்டைகட்டி வைத்துப் பிரித்த மாதிரி ஒரு வீச்சம். முழுங்குவதற்குள் மாஸ்டர் கல்லுக்குப் பின்னாலிருந்து குனிந்தார்.

"அண்ணாச்சி, சால்னாவ விட்டுருங்க. நேத்துக் கறி கெடக்கு அதுல. முட்டை தோசை போட்டுத் தாரேன்."

அன்றைக்கு மாலையே எழுதினேன். வீச்சத்தை எழுதினேன். கூடவே ஒரு வரி: 'அங்கே பரோட்டா போடுகிறவரே என்னை எச்சரித்தார்.' ஆதாரம்! அந்த வரியை எழுதியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு மனிதரின் கழுத்தைப் பிடித்து நீட்டிக்கொடுக்கிறேன் என்று அந்தச் சிலிர்ப்புக்குத் தெரியவில்லை.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் அது ஓடியது. புதன்கிழமை காலை ஒரு போன். கடையின் முதலாளி.

"ஏனுங்க, எழுதறவிங்களா? கொஞ்சம் கடை வரைக்கும் வந்துட்டுப் போறீங்ளா?"

போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்ளா?"

மாஸ்டர் தரையில் மைதா மூட்டையில் சாய்ந்து கிடந்தார். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் காய்ந்திருந்தது. வலது மணிக்கட்டு பந்து மாதிரி வீங்கியிருந்தது. கொத்து பரோட்டா கொத்துகிற இரும்புத் தகடு, திரும்ப உட்கார்ந்த முதலாளியின் மடியில் இருந்தது.

"இவன் சொல்லவே இல்லீங்கறானுங்க. நீங்க சொன்னான்னு எழுதியிருக்கறீங்க. ரெண்டு பேர்த்துல ஆருங்க பொய்யி?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல மொதலாளி" என்றார்.

தகடு எழுந்தது. அதே மணிக்கட்டில் விழுந்தது. மாஸ்டரிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. பக்கத்துக் கம்பெனியில் மெஷின் அதே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னையக் கேக்கல கண்ணு" என்று அவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு முதலாளி என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

"நாந்தானுங்க பொய்யி" என்றேன். "அவரு ஒண்ணுமே சொல்லலீங்க. நானாச் சேர்த்துக்கிட்டது."

"அப்ப அதை எழுதீருங்க. இங்கயே."

நின்றபடியே போனில் எழுதினேன். 'மாஸ்டர் எச்சரித்ததாக நான் எழுதியது என் கட்டுக்கதை. அவர் எதுவும் சொல்லவில்லை.' அதற்குக் கீழே, எனக்கே புரியாத ஒரு வெறியில், இன்னொரு வரி: 'சால்னாவின் வீச்சம் கட்டுக்கதை இல்லை. அது என் நாக்கு சொன்னது.' பதிவேற்றிவிட்டுப் போனை நீட்டினேன்.

முதல் வரிகளைப் படித்துச் சிரித்தார். கடைசி வரிக்கு வந்தார்.

"ஏனுங்க, இத்தன மருவாதியாக் கூப்ட்டனேங்க" என்றபடியே தகட்டை என் முகத்தில் இறக்கினார். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் கழன்று விழுந்தது. இன்னொரு அடி காதில். நான் கல்மேடையில் மோதிச் சரிந்தேன். மாவுப்பொடியும் என் ரத்தமும் ஒன்றாகக் குழைந்தன. ஷட்டருக்கு வெளியே செருப்புகள் கூடியதும் அவர் நிறுத்தினார்.

மாஸ்டரை நான்தான் வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் முதுகில் அவர் தலை மோதியது. ஒரே ஒரு முறை பேசினார். "மாட்டி விட்டுட்டியளே அண்ணாச்சி."

எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. வண்டியிலிருந்து விழுந்தோம் என்று அவர் எழுதச் சொன்னார், டாக்டரும் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு என் வலைப்பூவின் கீழே கேட்டார்கள்: 'அப்போ மத்ததெல்லாமும் கட்டுக்கதைதானா?' எத்தனை பேர். வருடக்கணக்காக என்னை நம்பி வண்டியைத் திருப்பியவர்கள். வாய் நிறைய ரத்தத்தோடு அவற்றைப் படித்தேன். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் மாஸ்டருக்கு இந்த ஊரில் எந்தக் கல்லும் கிடைக்காது. முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் இங்கே ஒரே நாளில் எல்லா அடுப்புக்கும் போய்விடும்.

கட்டுப் பிரித்த பிறகு அவருக்கு அவிநாசி ரோட்டில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. அங்கேயும் கேட்டார்களாம், 'நீதானா சொன்னே?' என்று. போனில் என் பதிவை எடுத்துக் காட்டினாராம்.

ஒருநாள் போனேன். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"எழுதவா வந்திய?"

"சாப்பிட வந்தனுங்க."

மாவை வீசி அறைந்தார். முன்பு அறை விழுந்தால் மேடை அதிரும். இப்போது மாவு நனைந்த துணி மாதிரி தொப்பென்று விழுந்தது. அடுக்கி நொறுக்கும்போது வலது கை பாதியில் பின்வாங்கியது. இலையில் வந்த பரோட்டா மடிப்பு விடாமல் அட்டையாக இருந்தது. மென்று மென்று தாடை வலித்தது.

கல்லாவில் புது முதலாளி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் அவருக்குக் கேட்கும்படி, சத்தமாக, "எப்படி அண்ணாச்சி இருக்கு?" என்றார்.

"பிரமாதமுங்க" என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னேன். "இன்னும் ரெண்டு போடுங்க."