லெந்துக்கு ஊசியை விட்டவர்

அரிமளத்தில் ஜெபக்குமார் சாருக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுவந்தேன். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள் நான். வீடு வீடாகப் போவதுதான் வேலை.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு அவர் பேஸ்புக்கில் வேத வசனங்களுக்கு விளக்கம் எழுதினார். பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவார். கேலி செய்கிறவர்களுக்கும் “அன்புச் சகோதரரே” என்று தொடங்கி நீளமாகப் பதில் போடுவார். ஒருவரையும் பிளாக் செய்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை.

விராலிமலை சூர்யபிரகாஷ் என்பவர் தினமும் வந்து வம்பிழுப்பார். ஜெபத்தால் நோய் தீரும் என்று சார் எழுதியதற்கு அவர் கேட்டார்: “அப்புறம் எதுக்குங்கய்யா சுகர் ஊசி? ஜெபத்துக்குப் பவர் பத்தலையா?” ஊசி போடுவதைச் சாரே முன்பு எழுதியிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்கும் வாரம் அது. சபையில் சிலர் கறியை விடுவார்கள், சிலர் காபியை. சார், “இந்த லெந்தில் நான் ஊசியை விடுகிறேன். ஈஸ்டரன்று பேசுவோம்” என்று பதில் போட்டுவிட்டார்.

மாலை நான் போனபோது, வயிற்றில் ஊசி போட அவர் பனியனைத் தூக்கவில்லை.

“வேணாங்கக்கா. ஆண்டவர்கிட்ட பொருத்தனை பண்ணிட்டேன்.”

“கறிய விடுங்க சார். இத விட்டா ஈஸ்டருக்கு நீங்க இருக்க மாட்டீங்க.”

“நீங்களும் சூர்யபிரகாஷ் கட்சியா?” என்று சிரித்தார்.

அவர் மனைவி ஷர்லி சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அறுநூறு பேரு ஆமென் போட்டிருக்காகக்கா. இனி எப்படி மாத்துறது?”

மறுநாளே சூர்யபிரகாஷ் எழுதினார்: “ஐயா, விளையாட்டுக்குக் கேட்டேன். எங்கப்பாவுக்கும் சுகர்தான். ஊசியப் போட்டுக்கங்க. நீங்களே ஜெயிச்சீங்க.”

சார் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் பையைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பதிவின் கீழே ஆமென்கள் வந்து விழுந்தன. ‘சாத்தான் பின்வாங்குகிறான், விடாதீர்கள்’ என்றார் ஒருவர். சார் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதன்பின் நான் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனேன். அவர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். சர்க்கரையால் முன்பே மரத்திருந்த காலில் செருப்பு கழன்றாலும் அவருக்குத் தெரியவில்லை. கண் மங்கியது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு எழுதினார். பதில்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. கடைசியில் “அன்புச் சகோதரரே” என்று தட்டியதோடு விரல் நின்றுவிடும்.

ஒரு காலையில் நான் கூப்பிட்டதற்கு வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். விரலில் குத்திப் பார்த்தேன். மீட்டர் எண்ணே காட்டவில்லை. சர்க்கரை அதன் அளவைத் தாண்டிவிட்டது. யாரையும் கேட்காமல் நூற்றெட்டுக்குப் போன் செய்தேன்.

ஷர்லி அழுதாள். “ஆஸ்பத்திரிக்குப் போனது வெளிய தெரிஞ்சா இவுக உசுரையே விட்ருவாகக்கா.”

“போகலைன்னாலும் அதேதான். செருப்பப் போட்டுக்கிட்டு வா.”

வண்டியில் ஏற்றும்போது அவர் கால் கம்பியில் இடித்து, பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. துணியால் அழுத்திப் பிடித்தேன். அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வலிக்கவே இல்ல, பாத்தீங்களாக்கா? ஷர்லி, இதப் போட்டோ எடுத்துப் போடு.”

ஷர்லி கைப்பைக்குள் போனைத் தேடினாள்.