முட்டுக்கல் எந்தப் பக்கம்

மூன்று ஆட்டுக்குட்டிகளில் ஒன்றை நாய்கள் கடித்துக் கொன்ற பிறகுதான் எங்கள் வீட்டில் வேலி பற்றிய பேச்சு வந்தது. அதுவரை பகலில் மூன்றையும் முருங்கை மரத்தடியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறேன். வீடு காணை போகும் சாலையில், குடியிருப்பு முடிந்து கரும்பு தொடங்கும் இடத்தில். கரும்புக்குள் எப்போதும் நான்கைந்து நாய்கள் திரியும். கட்டிப்போட்ட ஆட்டால் ஓட முடியாது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

கெடாரிலிருந்து வேலைக்கு வரும் தோழியின் வீட்டில் தாய் ஆடு செத்துப்போனபோது அந்தக் குட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பள்ளாட்டு வகை. குட்டைக் கால்கள், அகன்ற வயிறு, எந்நேரமும் எதையோ யோசிப்பது போன்ற முகம். புட்டியில் பசும்பால் கொடுத்து வளர்த்தேன். செத்தது வெள்ளைப் புள்ளி போட்டது. மிஞ்சியவை ஒரு கறுப்பு, ஒரு செவலை.

குழி தோண்டிப் புதைத்தவர் என் கணவர். ஊருக்குள் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"இதோட வுட்டுடு. திண்டிவனத்துல அண்ணன்தான் ஆடு வச்சிக்கினு இருக்காரே, அவராண்ட ஓட்டி வுட்டுடலாம்."

அவருடைய அண்ணன் வளர்க்கும் ஆடுகள் எங்கே போய் முடியும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலமே அந்த அண்ணன் போனில் கூப்பிட்டார். "ஈஸ்டருக்கு முன்னாடியே குடுத்துடும்மா. நல்லா பால் குடுத்து வளத்துருக்க, கறி மெத்துனு இருக்கும்" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொல்வதைச் செய்துமுடிக்கிற மனிதர் அவர்.

"நான் வேலி போடறேன்" என்றேன் கணவரிடம்.

"போட்டுக்கோ. ஆனா இன்னொரு வாட்டி நாய் உள்ள பூந்தாலோ, இதுங்க வெளிய போய் மாட்டிக்கினாலோ, நான் பேச மாட்டேன். அண்ணன் வண்டி எடுத்துக்கினு வந்துடுவாரு."

சரி என்றேன். சொன்ன வார்த்தைக்கு இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும் என்றும் சொன்னேன்.

அதன் பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் வேலிகளையே பார்த்தேன். கருவேல முள் அடைத்த வேலி ஆட்டுக்குத் தீனி. காய்ந்து தாழ்ந்ததும் நாய்க்கு வழி. முள்கம்பி மாட்டைத் தடுக்கும். ஆனால் குட்டி, இரண்டு கம்பிக்கு நடுவே முதுகைக் கிழித்துக்கொண்டு போய்விடும். பெரிய கண் வைத்த கம்பி வலையில் ஒரு வெள்ளாடு கொம்போடு தலையை நுழைத்துவிட்டு, எடுக்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்ததை ஒருநாள் நிறுத்தத்தில் நின்றபடி பார்த்தேன். வலையின் கண் முகத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எனவே கறுப்பின் மூக்கையும் நெற்றியையும் நூலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, திண்டிவனத்தில் கம்பிக்கடைக்குப் போனேன்.

நான் ஒவ்வொரு சுருளாக நூலை வைத்துப் பார்ப்பதைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"இன்னாக்கா, ஆட்டுக்கு ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க?"

"தலை உள்ள போகக் கூடாதுங்க."

"கறிக்கா, வளக்கறதுக்கா?"

"வளர்க்கிறதுக்கு."

"அப்ப வெல்டு மெஷ் எடுத்துக்குங்க. கறிக்கு வளக்கறவன் ஒருத்தனும் இவ்ளோ பேஜாரு பண்ண மாட்டான்."

சின்னக் கட்டம் போட்ட வெல்டு மெஷ் வாங்கினேன். கல்தூண்கள் பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்து இறங்கின. கல் நடுகிறவர் இரண்டு ஆட்களோடு வந்தார். எங்கள் மனையின் எல்லையைச் சுற்றிலும் குழி தோண்டித் தூண் நட்டு, வலையை இழுத்துக் கட்டினார்கள். இழுப்பில் தூண் சாயாமல் இருக்க, மூலைகளிலும் இடையிடையேயும் ஒரு கல்லைச் சாய்த்து முட்டுக் கொடுப்பது வழக்கம். அந்த முட்டுக்கல்லை எங்கள் பக்கமாகவே வைத்தார்கள். வெளியே வைத்தால் அது பக்கத்து நிலத்தில் இறங்கும், சண்டை வரும். முட்டுக்கல் தன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே வேலி போடும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அதனால் ஒருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு ஆடுகளும் கரும்பு ஓரத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

ஆடுகளை உள்ளே விட்டு, வேலி முழுவதையும் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓட்டை இல்லை. கதவு பூட்டியிருந்தது. காபியை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துவிட்டேன். காபி ஆறுவதற்குள் விடை கிடைத்தது. கறுப்பு, மாடிப்படி ஏறுவதுபோல முட்டுக்கல்லின் மேல் அடிமேல் அடி வைத்து ஏறித் தூண் உச்சிக்குப் போய், ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே குதித்தது. செவலை பின்னாலேயே ஏறியது. நெஞ்சு உயர வேலி போட்டு, ஏறுவதற்கு ஏணியும் நானே வைத்துக் கொடுத்திருந்தேன்.

முட்டுக்கல் மேல் கருவேல முள் கட்டினேன். இலையையும் காயையும் தின்றுவிட்டு, வெறும் குச்சியை மிதித்துக்கொண்டு ஏறின. கணவர் என்ன நினைத்தாரோ, பட்டறையிலிருந்து பழைய கிரீஸ் கொண்டுவந்து கல்லில் தடவினார். ஆடுகள் சறுக்கின, மறுபடி ஏறின. அவற்றைப் பிடித்து இறக்கியதில் என் புடவை இரண்டு பாழானது.

செய்தி திண்டிவனத்துக்கு எப்படியோ போய்விட்டது.

"இன்னாம்மா, ஆடு சர்க்கஸ் காட்டுதாமே? வண்டி எடுத்துக்கினு வரட்டுமா?"

"வாங்க மாமா. காபி குடிச்சிட்டுப் போங்க. ஆடு கெடையாது."

போனை வைத்துவிட்டுப் போய் இரண்டையும் பிடித்து உள்ளே விட்டேன். ஆடுகள் பொழுதுக்கும் வெளியே போய்க்கொண்டிருந்தன. நாய்கள் கரும்பில்தான் இருந்தன. அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அடுத்த வாரமும் எடுக்க முடியாது.

கல் நடுகிறவரை மறுபடி வரவழைத்தேன். எல்லையில் வலை வேண்டாம், பிரித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால், நிலத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு சதுரம் போடுங்கள், முட்டுக்கல்லை வெளிப்பக்கம் வையுங்கள் என்றேன். வெளிப்பக்கமும் எங்கள் நிலம்தானே.

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போட்ட வேலிய எவனாவது புடுங்குவானா? நாளைக்கு பக்கத்துக்காரன் இந்தச் சதுரம்தான் உங்க எல்லைன்னு சொல்லுவான்."

"சர்வே கல் அங்கேயே இருக்குதுங்க. அதை நான் தொடலை. நான் நிலத்துக்கு வேலி போடலை, ஆட்டுக்குப் போடறேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டதுதான் தப்பு."

"ஊரு சிரிக்கும்க்கா" என்றார் கல் நடுகிறவர்.

"சிரிக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். "அது சரி. முட்டுக்கல்ல வெளிய வச்சா ஆடு ஏறாது. நாய் ஏறி உள்ள வந்துடாதா?"

உள்ளே வைத்தால் ஆடு வெளியே போகும். வெளியே வைத்தால் நாய் உள்ளே வரும். முட்டே இல்லாவிட்டால் முதல் மழையில் தூண் சாயும். மூன்று பேரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். கறுப்பு எங்களுக்குப் பக்கத்தில் முட்டுக்கல்லில் ஏறிக்கொண்டிருந்தது. கணவர்தான் அதைக் கழுத்தில் பிடித்து இறக்கினார். பிடித்த கையை எடுக்காமலேயே தூணைப் பார்த்தார்.

"கம்பிய இழுத்துக் கட்டறோம், அதனாலதான் கல்லு சாயுது. இரும்பு ஆங்கிள்ல ஃப்ரேம் அடிச்சி அதுல மெஷ்ஷ வெல்டு வச்சிட்டா இழுப்பே இல்லியே. அப்புறம் முட்டு எதுக்கு?"

"இவ்ளோ நீளத்துக்கு முடியாதுங்களே" என்றார் கல் நடுகிறவர்.

"சின்னச் சதுரத்துக்கு முடியும்" என்றேன் நான்.

"முடியும்தான்" என்றார் கணவர், கொஞ்சம் எரிச்சலாக. தான் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

ஃப்ரேம்களைப் பட்டறையில் அவரே அடித்தார். கல் நடுகிறவர் எல்லைத் தூண்களில் சிலவற்றைப் பிடுங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் முட்டில்லாமல் சதுரமாக நட்டு, அவற்றில் ஃப்ரேம்களைப் பொருத்தினார். கதவுக்கு, ஆடு மூக்கால் நெம்பித் திறக்க முடியாத கொண்டியாகப் பார்த்து வைத்தார். கீழே நாய் தோண்டும் என்பதால், மிஞ்சிய வலையை வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையோடு படுக்க வைத்து மண் மூடினோம். வேலியை ஒட்டி உள்ளே வாளி, கட்டை, கல் எதையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியை நடுவில் வைத்தேன். ஆடுகள் நாலா பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் படுத்து அசைபோட்டன.

நாய்கள் ஒரு காலையில் வந்தன. நான் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக நான்கு நாய்கள் தெரிந்தன. கணவர் கோலை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வுடுடி, உள்ள பூந்துடும்!"

"பூந்தா இப்பவே தெரியட்டும். நாம வேலைக்குப் போன பொறவு யாரு ஓட்டறது?"

அவர் நின்றார். நாய்கள் சதுரத்தைச் சுற்றின. ஒன்று பாய்ந்து மோதியது. ஃப்ரேம் அதிர்ந்தது, அசையவில்லை. ஆடுகள் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. செம்பட்டை நாய் ஒன்று மூலையில் தோண்ட ஆரம்பித்தது. மண் பறந்தது. நகம் கம்பியில் பட்டது எனக்கே கேட்டது. கொஞ்சம் தள்ளித் தோண்டியது, அங்கேயும் கம்பி. என் கையில் இருந்த கரண்டியின் காம்பு உள்ளங்கையில் பதிந்துபோயிருந்தது. கடைசியில் அந்த நாய் மூக்கை நக்கிக்கொண்டு கரும்புக்குள் போனது, மற்றவை பின்னால் போயின.

நானும் அவரும் போய் வேலியைச் சுற்றிப் பார்த்தோம். தோண்டிய இரண்டு குழிகளிலும் மண்ணைத் தள்ளி மிதித்தார். ஃப்ரேமைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, "வண்டி வேணாம்ணா" என்று மட்டும் சொன்னார்.

கொண்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.